மயில்வாகனனார் தேடிய வழி

ஈழநாட்டின் கீழ்க்கரையிலே, கிழக்கே கடலும் மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயலுமாக, நடுவே ஒரு நெடுந்தெருவை ஒட்டி ஊர்கள் அமைந்திருக்கின்றன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிருந்து தெற்கே எண்ணிக்கொண்டு போகலாம். ஓரூரிலே பள்ளிவாசலின் பாங்கொலி. அடுத்த ஊரிலே கோயில் மணியோசை. எல்லா ஊரிலும் பேசுவது தமிழே. ஆதலால் வழிப்போக்கனுக்கு ஊரெல்லை தெரிவது அவ்வோசை மாறும்போதுதான். இவ்வூர்களுள் ஒன்றாகிய காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவரே பிற்காலத்தில் விபுலாநந்த அடிகள் எனத் தமிழுலகம் போற்றிய பெரியார். இப்பகுதி 1961இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்படுமுன் மட்டக்களப்பைச் சேர்ந்திருந்தது. அதனால் அவரை மட்டக்களப்பார் என்று கூறும் வழக்கமும் உண்டு.

அடிகளாரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் யாழ் நூலிலிருந்து தொடங்குவர். அல்லது பேராசிரியப் பதவியிலிருந்து தொடங்குவர். அவையெல்லாம் நம் பெரியோர்கள் அறிந்தவையே. நாம் இங்கே நோக்க விரும்புவது அவருடைய பத்தாம் வயதுக்கும் முப்பதாம் வயதுக்கும் இடைப்பட்ட காலத்தை. அக்காலத்தில் அவர் விபுலாநந்தர் அல்லர்; மயில்வாகனன் என்னும் மாணவர், பின்னர் மயில்வாகனன் என்னும் உபாத்தியாயர். எதற்காகப் படிக்கிறோம், எது நல்லொழுக்கம், கடவுளை எந்த வழியில் நம்புவது, கிடைத்த இந்தப் பிறவியை என்ன செய்வது என்னும் கேள்விகள் நம் வயதினர் எவரையும் விடுவதில்லை. இரவில் படுத்தபின் வருகின்றன. பரீட்சைக்கு முதல்நாள் தவறாமல் வருகின்றன. இதே கடற்கரையில், நம்மிலும் நெருக்கடியான ஒரு காலத்தில் வளர்ந்த ஒருவர் இவற்றுக்கு எவ்வாறு விடை கண்டார் என்பதை அறிவது நமக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் தம்பிப்பிள்ளை. குழந்தைப் பருவத்தில் நோய்வாய்ப்பட்டு வருந்தியபோது பெற்றோர் கதிர்காமத்து முருகனிடம் சென்று வழிபட்டனர். நோய் நீங்கியது. அதன்பின் மயில்வாகனன் என்றே அழைக்கலாயினர். ஆகவே தம் பெயரைச் சொல்லி யாரேனும் கூப்பிடும்போதெல்லாம், தாம் ஒரு நேர்த்தியின் பயனாகப் பிழைத்த பிள்ளை என்பது அவர் செவியில் விழுந்துகொண்டிருந்தது. நம் ஊர்களில் இத்தகைய பெயர்கள் இன்றும் உண்டு. வைத்தவர்களின் நம்பிக்கையைப் பிள்ளை தானும் நம்புகிறானா என்பது வேறு வினா. அது பின்னாலேதான் எழும்.

ஊரின் நடுநாயகமாக விளங்குவது கண்ணகியம்மன் கோயில். வைகாசித் திங்களில் அங்கே சடங்கு நிகழும். கண்ணகி வழக்குரை பாடப்படும். குளிர்த்தியோடு சடங்கு நிறைவெய்தும். தமிழகத்தில் ஏட்டிலும் மேடையிலும் வாழும் கண்ணகி, மட்டக்களப்பு நாட்டிலே கோயிலில் வாழ்கிறாள். அவள் வரலாறு என்ன? குற்றமற்ற கணவனைக் கள்வனென்று கொன்ற அரசனிடம், ஒரு பெண் தனியே சென்று வழக்குரைத்தாள். அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டான். நீதி தவறியவன் அரசனேயானாலும் கேட்கத்தான் வேண்டும் என்பதை நம்மூர்ப் பிள்ளைகள் எழுத்தறியுமுன்பே தெய்வத்தின் கதையாகக் கேட்டுவிடுகின்றனர். நல்லொழுக்கம் என்பது தீங்கு செய்யாதிருப்பது என்ற அளவோடு நிற்பதன்று. அநீதியின் முன் வாய் திறப்பதும் அதனுள் அடங்கும் என்னும் பாடம் அதிலே இருக்கிறது. மயில்வாகனனார் வளர்ந்தது இந்தக் கோயிலின் அயலிலே. இதனை இங்கே குறித்து வைப்போம், பின்னர் வேண்டியிருக்கும்.

ஊரிலே முதற்கல்வி பெற்றபின், புலோலி வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழ் இலக்கண இலக்கியம் கற்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. தேசிகர் வடமொழியும் வல்லவர். இக்கல்வி ஒருபுறம் நடக்க, 1902ஆம் ஆண்டு, தம் பத்தாவது வயதில், கல்முனையிலிருந்த மெதடிஸ்த மிசன் ஆங்கில பாடசாலையிற் சேர்ந்தார். காரைதீவிலிருந்து கல்முனைக்குப் போகின்றவர் சாய்ந்தமருதைக் கடந்துதான் போகவேண்டும். வீட்டிலே கண்ணகியம்மன், வழியிலே பள்ளிவாசல், போய்ச் சேருமிடத்தில் வேதாகமமும் ஆங்கிலமும். சில மைல் தூரத்துக்குள் மூன்று உலகங்கள்! கொழும்பிலே வளர்ந்தவர்கள் இவற்றை நூலில் படித்தறிகிறார்கள். நம்மூர்ப் பிள்ளை புத்தகப் பையோடு நடந்தே அறிந்துவிடுகிறான்.

மிசன் பாடசாலைகள் 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறின. ஆயினும் ஊர்வாயில் மிசன் என்ற பெயர் இன்னும் மாறவில்லை. நாமும் அத்தகைய ஒன்றிலே படித்தவர்களே. காலைப் பிரார்த்தனைக்கு எல்லாருடனும் எழுந்து நிற்போம். கீதத்தின் இராகம் மனத்துக்குப் பிடித்துவிடும். சொற்களை வாய்விட்டுச் சொல்லலாமா, உதட்டை மட்டும் அசைக்கலாமா என்று பக்கத்து நண்பனின் முகத்தைப் பார்ப்போம். மாலையில் வீட்டுக்கு வந்தால் அம்மாச்சி நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். பதினான்கு, பதினைந்து வயதில் இது சிறிய சங்கடமன்று. எதிலும் நம்பிக்கையில்லாதவனாகப் போய்விடுவது அவ்வயதில் மிக எளிது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஏசுவது அதனிலும் எளிது. மயில்வாகனனார் இவ்விரண்டு வழியிலும் போகவில்லை என்பதே அவர் இளமையின் பெருஞ்சிறப்பு என்போம்.

கல்முனைக்குப்பின் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரி. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஏறக்குறைய 25 மைல். கல்லடிப் பாலம் 1924ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. ஆதலின் தெற்கேயிருந்து போகின்ற மாணவர்கள் வாவியை ஓடத்திற் கடந்தே நகரம் சேர்ந்த காலம் அது. அந்த வாவியிலேதான் நிலாக்காலத்தில் மீன் பாடும் என்பர். பல்லாண்டுகளுக்குப்பின் அடிகளார் நீரரமகளிரைப் பற்றிப் பாடியபோது இவ்வாவியின் இன்னிசையே அவர் நினைவில் இருந்தது.

அர்ச். மிக்கேல் கல்லூரியை அக்காலத்தில் நடத்தியவர்கள் பிரெஞ்சு தேசத்து யேசு சபைத் துறவிகள். நம் கட்டுரைக்கு இஃது ஒரு முக்கியமான செய்தி. தாய், தந்தை, நாடு, மொழி அனைத்தையும் விட்டுக் கடல் கடந்து வந்து, மணஞ் செய்யாது, தனக்கெனச் சம்பளம் வேண்டாது, வாவிக்கரையில் நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தார்கள். நம் நாட்டுத் துறவி என்றால் ஊரார் மனத்தில் எழுந்த வடிவம் வேறு. அவர் மலையடிவாரத்திலோ மரத்தடியிலோ இருப்பார். உலகத்தார் அவரைத் தேடிப் போவர். கரும்பலகையின் முன் வெண்கட்டியோடு நிற்கும் துறவியை மயில்வாகனனார் முதன்முதற் கண்டது இக்கல்லூரியிலேயாம். அவர்களுடைய மதத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் துறவும் ஆசிரியத் தொழிலும் ஒருவரிடத்தே கூடியிருக்க முடியும் என்னும் காட்சி அவர் உள்ளத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பது நமது துணிபு. அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அதற்குச் சான்றாக நிற்கிறது.

1908ஆம் ஆண்டு, பதினாறாம் வயதில், கேம்பிறிஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். விடைத்தாள் கப்பலிலே திரும்பும். பெறுபேறு வரும்வரை மாணவன் காத்திருப்பான். அதிலே தேறிய ஒரு தமிழ் இளைஞனுக்கு அந்நாளில் கச்சேரி உத்தியோகம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆங்கிலம் கற்பதே அதற்காகத்தான் என்று ஊர் நினைத்தது. (இன்றும் ஊர் வேறுவிதமாக நினைக்கவில்லை, உத்தியோகத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது.) மயில்வாகனனார் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். தாம் பயின்ற அர்ச். மிக்கேல் கல்லூரியிலும், கல்முனைக் கத்தோலிக்க பாடசாலையிலும் படிப்பித்தார். நேற்றுவரை வாங்கில் இருந்தவர், இன்று தம்மிலும் சில வயதே இளையவர்களுக்கு ஆசிரியரானார். வாழ்க்கையின் குறிக்கோள் இன்னதென்று தெளிந்தபின்னரே ஒரு தொழிலில் இறங்கவேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டு நாளைக் கழிக்கிறோம். அவர் கையில் கிடைத்த பணியில் இறங்கினார். தெளிவு அதனூடே வந்தது. வருவதற்குப் பதினான்கு ஆண்டு பிடித்தது.

இவ்விடத்தில் அவருக்கு முன்னோர் இருவரை நினைத்துக்கொள்வது தகும். நல்லைநகர் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவியவர். பின்னர் அப்பணியை விட்டு நீங்கி, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவருடைய சொல்வன்மை முழுவதும் மதவாதத்திலே படைக்கலமாயிற்று. சி. வை. தாமோதரம்பிள்ளையோ கிறித்தவராக வளர்ந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிப் பிற்காலத்திற் சைவம் தழுவியவர். இருவருக்கும் நேர்ந்த நெருக்கடியே மயில்வாகனனாருக்கும் நேர்ந்தது. காலம் மாறியிருந்தது; அவர் குணமும் வேறு. நாவலர் காலத்தில் சண்டை செய்யாவிட்டால் நிலைத்து நிற்பதே அரிதாயிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மயில்வாகனனார் தமக்குக் கல்வி தந்த கையைத் தட்டிவிடாமலே தம் வழியிற் சென்றார். 1917ஆம் ஆண்டிலும் அவரை யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகக் காண்கிறோம். சைவராகிய அவரை நியமிக்கக் கத்தோலிக்கத் துறவிகள் தயங்கவில்லை; அங்கே பணியாற்ற அவரும் தயங்கவில்லை.

அதற்குமுன் நிகழ்ந்தவற்றைச் சொல்லவேண்டும். 1911இல் ஆசிரிய பயிற்சிக்காகக் கொழும்பு சென்று, மறுவருடம் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளிவந்தார். மீண்டும் மட்டக்களப்பில் படிப்பித்துவிட்டு, 1915இல் கொழும்பிலிருந்த அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். 1916ஆம் ஆண்டை அவர் வாழ்வில் ஒரு விசித்திரமான ஆண்டு என்றே சொல்லவேண்டும். அவ்வாண்டிலே விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரே. பகலில் இரசாயனக் குடுவை, இரவில் சங்கத்தொகை. ஒன்று படித்தால் வயிறு நிரம்பும், மற்றது படித்தால் மனம் நிரம்பும் என்று பிரித்துப் பேசுவது அக்கால வழக்கம். அவர் பிரிக்கவில்லை. விஞ்ஞானம் படித்தவர்கள் கோயிலை விடுவதும், கோயிலுக்குப் போகிறவர்கள் விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சுவதும் தொடங்கியிருந்த காலம் அது. பதினாறு வயதில் ஒருவனுக்கு எழும் ஐயம் இங்கேயும் உண்டு: கண்ணாற் கண்டு, தராசில் நிறுத்து அறிவதை மட்டும் நம்புவதா, பெற்றோர் நேர்ந்த நேர்த்தியையும் நம்புவதா? மயில்வாகனனார் தராசையும் கைவிடாமல், கதிர்காமத்தையும் கைவிடாமல் தொடர்ந்து கற்றார். 1920ஆம் ஆண்டு இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக அழைத்தது.

வயது 28. பட்டம் உண்டு, பதவி உண்டு, பண்டிதர் என்ற பெயரும் உண்டு. ஊரிலே பெற்றோரும் சுற்றத்தாரும் இனி என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. நல்ல இடத்தில் ஒரு சம்பந்தம், காணி பூமி, ஊருக்கு ஒரு பெரிய மனிதர். அவையெல்லாம் அறத்தின் பாற்பட்டவையே. இல்லறத்தை இழிவாகப் பேசும் எண்ணம் நமக்கில்லை.

ஆனால் அவர் உள்ளம் வேறிடத்தில் இருந்தது. விவேகாநந்த சுவாமிகள் மேல்நாட்டிலிருந்து திரும்பி 1897 சனவரியிலே கொழும்பில் வந்து இறங்கியபோது மயில்வாகனனாருக்கு ஐந்து வயதும் நிறையவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் சுவாமிகள் இராமகிருஷ்ண சங்கத்தைத் தொடங்கினார். தம் உடன்பிறவாச் சகோதரராகிய சிவாநந்த சுவாமிகளை அதே ஆண்டில் இலங்கைக்கும் அனுப்பினார். 1902இல் கொழும்பிலே விவேகாநந்த சபை தோன்றியது. இப்படி விதைத்து வைத்த நிலத்திலேதான் மயில்வாகனனார் இளைஞராக உலாவினார். மயிலாப்பூர் மடத்துத் தலைவராயிருந்த சர்வாநந்த சுவாமிகள் இலங்கைக்கு வந்தபோது அவரோடு நெருங்கிய தொடர்பும் ஏற்பட்டது. இச்சங்கத்துத் துறவிகள் குகையைத் தேடிப் போகவில்லை. பாடசாலை நடத்தினார்கள்; பஞ்சத்தில் கஞ்சி வார்த்தார்கள்; நோயாளரைப் பேணினார்கள்; மனிதனுக்குச் செய்யும் தொண்டே ஈசுவர பூசை என்று கொண்டார்கள். அர்ச். மிக்கேல் கல்லூரியில் அன்னியரிடத்துக் கண்ட அந்த வடிவத்தை, இங்கே தம் பெற்றோரின் சமயத்துக்குள்ளேயே மயில்வாகனனார் கண்டார். இரண்டு ஓடைகள் ஒன்றாயின. 1922ஆம் ஆண்டு அதிபர் பதவியைத் துறந்து மயிலாப்பூர் மடத்தைச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

மடத்திலே பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்றார். சங்கத்தின் தமிழ் ஏடாகிய இராமகிருஷ்ண விஜயத்துக்கும் ஆங்கில ஏடாகிய வேதாந்த கேசரிக்கும் ஆசிரியராயிருந்தார். 1924இல் சித்திரா பூரணையன்று சிவாநந்த சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார். இதற்குமேல் உள்ள வரலாறு பலரறிந்தது, விரைந்து செல்வோம்.

1925இல் இலங்கை திரும்பி, சங்கத்தின் பாடசாலைகளைத் தாங்கும் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணத்திலே வைத்தீஸ்வர வித்தியாலயம், திருகோணமலையிலே இந்துக் கல்லூரி, தம் ஊராகிய காரைதீவிலே பெண் பிள்ளைகளுக்கெனச் சாரதா வித்தியாலயம் என அவர் கை பட்ட இடங்கள் பல. 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயம் எழுந்தது. தமக்குத் தீட்சை தந்த குருவின் பெயரையே அதற்கு இட்டார். மிசன் பாடசாலைகளில் கற்ற பயனை அவர் இவ்வாறு தம்மவர்க்குத் திருப்பிக் கொடுத்தார். அங்கே கண்ட கால ஒழுங்கு, விடுதி வாழ்வு, விஞ்ஞானக் கல்வி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். எங்கிருந்து எடுத்தார் என்பதை அவர் மறைக்க முயன்றவரல்லர்.

ஒழுக்கத்தைப் பற்றிய கேள்விக்கு அவர் தந்த விடையைக் காணவேண்டுமானால் சிதம்பரத்துக்குப் போகவேண்டும். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் விளங்கினார். தில்லைக்கூத்தன் திருவடி நிழல், சர்வகலாசாலை மண்டபம், கற்றறிந்தோர் கூட்டம். இவற்றுக்கு அப்பால், சர்வகலாசாலைக்கு அயலிலே திருவேட்களத்தில், தாழ்த்தப்பட்டோர் வாழும் சேரி ஒன்று இருந்தது. வகுப்பு முடிந்த மாலையில் பேராசிரியர் அங்கே போவார். பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். சந்நியாசி ஒருவர் சேரிக்குள் போவதை ஏற்காதவர் பலர் இருந்த காலம் அது. தமிழகத்துக் கோயில்களின் கதவே அம்மக்களுக்குத் திறக்கப்படாத ஆண்டுகள் அவை. மதுரையில் அது 1939இல்தான் நிகழ்ந்தது. அடிகளார் இதனை ஓர் ஆரவாரமாகச் செய்யவில்லை, செய்யாமல் விடவுமில்லை. காரைதீவிலே வைகாசி தோறும் பாடப்படும் வழக்குரையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்யும்? நம் இளைஞர்கள் அவருடைய யாழைப் பற்றிப் பேசும் அளவுக்கு இச்சேரியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது நமக்குக் குறையாகவே படுகிறது. நம்மூரிலும் சாதி பார்த்துத்தான் பந்தி வைக்கும் வீடுகள் உண்டு; அவ்வீடுகளின் சுவரிலும் அடிகளாரின் படம் தொங்குகிறது.

மற்ற மதத்தவரோடு அவர் பழகிய முறைக்குக் கல்முனையே சாட்சி. ஏ. எம். ஏ. அசீஸ் அவர்களை நம் பெரியோர் அறிவர். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து, யுத்தகாலத்து உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க நெல் விளைவைப் பெருக்கியவர். அவ்வாண்டே கல்முனை முஸ்லிம்களுக்காக ஒரு கல்விச் சங்கத்தையும் தொடங்கியவர். வண்ணார்பண்ணையிலே பிறந்த அசீஸ், இளமையில் இராமகிருஷ்ண சங்கத்தின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். கிறித்தவ பாடசாலைகளிலே கற்ற இந்துத் துறவியும், இந்து பாடசாலைகளிலே கற்ற முஸ்லிம் அதிகாரியும் நண்பர்களாயினர். தம் மக்களுக்குக் கல்வி வேண்டும் என்னும் கவலை இருவருக்கும் பொது. தத்தம் சமயத்தில் உறுதியாக நின்றுகொண்டே ஒருவரையொருவர் மதித்தனர். பிற்காலத்தில் இக்கரையோரத்தில் நிகழ்ந்த கசப்புகளை அறிந்த நமக்கு, இந்நட்பைப் பற்றி எழுதும்போது பேனா சற்றே தயங்குகிறது. ஆயினும் அது நிகழ்ந்தது. இதே ஊர்களிலே நிகழ்ந்தது.

1936இல் சென்னையிலே விஞ்ஞானக் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். அன்றைய இரசாயன ஆசிரியரும் அன்றைய பண்டிதரும் ஒருவரேயாதலின் அப்பணிக்கு அவரினும் தக்கார் யார்? 1939இல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமம் சென்று, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில ஏட்டின் ஆசிரியராயிருந்தார். 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பிரமசாரியாகச் சேர்ந்த நாள்தொட்டுத் தமக்கென ஒரு காசும் சேர்த்தவரல்லர்.

அவருடைய பெருநூலாகிய யாழ் நூல் தோன்றிய விதத்தை மட்டும் சொல்லவேண்டும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் வரும் இசைச் செய்திகளின் பொருளை ஆராயத் தொடங்கியதே அதற்கு வித்து. ஏறக்குறைய பதினான்கு ஆண்டு அந்த ஆராய்ச்சி நீண்டது. வழக்கொழிந்து போன யாழ்களின் வடிவத்தையும் நரம்புகளின் சுருதியையும் கணிதமும் பௌதிகமும் கொண்டு கணித்தார். கண்ணகியின் காவியம், வைத்தியலிங்க தேசிகரின் தமிழ், துறவிகள் சொல்லிய கணிதம், கல்லடி வாவியின் ஓசை எல்லாம் அந்த ஒரு நூலிலே வந்து சேர்ந்தன. 1947ஆம் ஆண்டு சூன் மாதத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே அது அரங்கேறியது. உடல் நலிந்திருந்த நிலையிலும் அடிகளார் அங்கே சென்றிருந்தார். ஆறு வாரம் கழிந்தது. 1947 சூலை 19ஆம் நாள் கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். வயது 55.

அவரது திருவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, கல்லடி உப்போடையிலே, அவர் எழுப்பிய சிவாநந்த வித்தியாலயத்தின் முன்றிலில் அடக்கஞ் செய்யப்பட்டது. சமாதியிலே அவர் பாடிய பாடல் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இறைவனுக்கு எந்த மலர் உகந்தது என்னும் வினாவும் விடையுமாக அமைந்தது அது. தோட்டத்து மலர்களின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒதுக்கிவிட்டு, உள்ளத்தைத் தாமரையாகவும், கூப்பிய கையைக் காந்தளாகவும், அவனை நோக்கும் விழியை நம் கரையோரத்து உப்பங்கழியிற் பூக்கும் நெய்தலாகவும் அப்பாடல் கொள்கிறது.